இரண்டாவது ஆளும் உறுதி செய்தபின்

அன்புள்ளவளுக்கு,

உன் காய்ச்சல் இனி முற்றாது என்று இன்று காலை பத்தரைக்கு வார்டு டாக்டர் சொன்னார். உடல் வைரஸை எதிர்க்கையில் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று உன் ரத்தத்தில் பார்த்தார்களாம். ஆபத்தைக் காட்டுபவை அடங்கியே இருக்கின்றனவாம்.

வழக்கம்போல இரண்டாவது ஆளையும் விசாரித்தேன். பரிசோதனைக்கூடத்துப் பெண் சிரித்துவிட்டாள். "சார், டாக்டருக்கே சொன்னது நான்தான். போய் முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.

ஞாயிறன்று, நீ பிழைப்பாயா என்றே தெரியாதபோது, உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதற்கு உன் படமும் தேடி வைத்திருந்தேன். பாழாய்ப்போன பத்திரிகைத் தொழில் பழக்கம். இன்று கிழித்துப் போட்டேன். என்ன எழுதினாய் என்று கேட்காதே.

புதன்கிழமை மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதுவும் இப்படியே வந்தால் வியாழன் மாலை நான்கு மணிக்கு உன்னை அனுப்புவார்களாம். இது இன்னும் உறுதியாகவில்லை. நான் மூன்றுக்கே வாசலில் நிற்பேன்.

உன் நிருபர்