வீமனுக்கு ஒரு தலையணை உறை

1981 மாசி, வெள்ளிக்கிழமை. உடையார்கட்டு.

இன்றும் அண்ணன் வாசல் படலையில் நின்று பன்றி வேட்டைக் கதை அளந்தார். வயலுக்குள் இறங்கிய காட்டுப்பன்றியைத் தானே மறித்தாராம். மறித்தது எங்கள் நாய் வீமன். வயிறு கிழிந்ததும் அதற்குத்தான். பன்றியைச் சுட்டவர் பக்கத்து வயல்காரர். அண்ணன் காவல் பரணை விட்டு இறங்கவே இல்லையென்று அந்த வயல்காரரே எனக்குச் சொன்னார்.

இறைச்சிப் பங்குக்கு ஊரே வந்தது. மாட்டுக்கொட்டிலில் கிடந்த நாயை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்து நாளாக நான்தான் அதன் பக்கத்தில். காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டி, கஞ்சி பருக்கிவிட்டு ஊசியை எடுப்பேன். அண்ணனின் கலியாணத்துக்குத் தலையணை உறை. நீல நூலில் ஒரு பூ முடிந்ததும் வீமனுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். அடுத்த பூவைத் தொடங்குவேன்.

பின்னேரம் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இது இனித் தப்பாது. விடியக் காட்டுக்கை கொண்டுபோய் விடுறன். கலியாண வீட்டிலை நாத்தம் வேண்டாம். உறை தைச்சு முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது."

"எங்கை, காட்டு பாப்பம்."

வீமனின் தலையைத் தூக்கி, கீழே உறையை விரித்து, மெல்லக் கிடத்தினேன்.

"வயலுக்குள்ளை இறங்கின ஆம்பிளைக்குத்தான் அண்ணை தைச்சனான்."

காறித் துப்பிவிட்டுப் போனார்.

கொட்டில் வாசலில் பாய் போட்டிருக்கிறேன். விடிய வரட்டும். பன்றிக்கே பரணை விட்டு இறங்காதவர், என்னைத் தாண்டியா வரப்போகிறார்?