பதினான்கு டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

வேனுக்குக் குடிவந்து ஆறு நாள். பீர் முகம்மது பாய் பட்டறையில் விலைபோகாமல் நின்ற கேம்பர் வேன். பாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். உடுமலைக்கும் கோவைக்குமாகக் என் மனைவி கயல்விழி பிரசவமான இந்த உடம்போடு அலைய முடியாது. ஆஸ்பத்திரிக்கு எதிரே சர்ச் மைதானத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

பாப்பா இன்று தொள்ளாயிரத்து நாற்பது கிராம். குழாய் வழியாக இரண்டு மில்லி பால். மிச்சப் பாலை வேனிலிருக்கும் கேஸ் ஃபிரிட்ஜில் சேர்த்து வருகிறோம். நர்ஸ் சாஜிதா பேகம் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தார். நாலு டிகிரிக்கு மேல் போகக்கூடாதாம்.

வைத்துப் பார்த்தேன். பதினான்கு.

மார்ச் 5

எத்தனையோ வண்டிகளுக்கு வயரிங் செய்தவன் நான். கம்ப்ரெஸ்ஸரே இல்லாத ஃபிரிட்ஜை இப்போதுதான் பார்க்கிறேன். பின்னால் கேஸ் எரிந்தால் உள்ளே குளிருமாம் – சொன்னால் யார் நம்புவார்கள்? வண்டி சாய்ந்து நின்றால் குளிராது என்று பாய் போனில் சொன்னார். ரசமட்டம் வைத்தேன். இடப்பக்கம் தாழ்வு. சக்கரத்துக்கடியில் பலகை கொடுத்து ஏற்றினேன். சாயங்காலம் பதின்மூன்று.

சேர்த்த பால் அத்தனையையும் கயல் வாஷ் பேசினில் ஊற்றினாள். நான் ஊற்றுகிறேன் என்றேன். விடவில்லை.

மார்ச் 6

சுடர் மஞ்சளாக எரிந்தது. கேஸ் வரும் ஜெட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு ஊதினேன். புகைக்குழாயில் ஒரு பிடி கரி. எல்லாம் துடைத்து மாட்டியதும் நல்ல நீலச் சுடர். கயலைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 7

பன்னிரண்டு.

மார்ச் 8, சனி

பாப்பாவுக்குக் கிருமித் தொற்று என்கிறார்கள். பாலை நிறுத்திவிட்டார்கள். கயல் மட்டும் நிறுத்தவில்லை, மூன்று மணி நேரத்துக்கொருமுறை எடுக்கிறாள்.

சர்ச்சிலிருந்து கரண்ட் இழுத்து ஃபிரிட்ஜை ஓட்டினேன். அதிலும் குளிரவில்லை. கோளாறு கேஸில் இல்லை, உள்ளே. கழற்றித் தலைகீழாக ஒரு நாள் வைத்தால் சில சமயம் சரியாகும் என்றார் பாய். கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பால் பாட்டில்களுக்குப் பக்கத்து பேக்கரி ராசாத்தாளக்கா கூல்டிரிங்ஸ் பெட்டியில் இடம் கொடுத்தார். "வெச்சுட்டுப் போ கண்ணு, ஆரு கேக்கப்போறா."

அதன் பிறகும் நான் ஏன் இந்த ஃபிரிட்ஜை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? ஆஸ்பத்திரிக்குள் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே ஸ்பேனராவது இருக்கிறது.

மார்ச் 9

"ஏனுங்க, பாப்பாவப் பாக்க வரலீங்களா? காலைல இருந்து அதையே நோண்டிட்டிருக்கறீங்க."

இதோ வாரேன் என்று கயலிடம் சொன்னேன். போகவில்லை. பயம்.

மார்ச் 10, திங்கள்

நிமிர்த்தி மாட்டிப் பற்றவைத்தேன். சுடர் படும் இடத்தைச் சுற்றியிருந்த பஞ்சைப் பிரித்தால் மஞ்சள் பொடி. அம்மோனியா வாடை கண்ணில் ஏறியது. உள்குழாய் ஓட்டை. பாயிடம் சொன்னேன்.

"அது செத்துப்போச்சு எழிலு. உட்டுரு."

கேஸை மூடினேன். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுத் தொடச் சொன்னார்கள். பாதம் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. சூடாக இருந்தது.

மார்ச் 11

காலை பத்து இருபதுக்கு. பக்கத்துலதான் இருந்தேன். இருந்து என்ன?

மார்ச் 13, வியாழன்

நேற்று ஊரில் புதைத்தோம். கோவையில் நிற்கும் வேனை எடுத்து ஒப்படைக்க இன்று நான் மட்டும் கிளம்பினேன். கயலும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கியதும் பேக்கரிக்குப் போய்ப் பாட்டில்களை வாங்கிக்கொண்டு நேராக சாஜிதா பேகத்திடம் போனாள்.

"இத எடுத்துக்க முடியாதுங்க அம்மணி" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இனிமே எடுக்கறதக் குடுக்கலாமுங்க. ரத்தம் மட்டும் டெஸ்ட் பண்ணோணும். பாலில்லாத கொழந்தைங்க நாலு உள்ள இருக்குதுங்க" என்றார்.

கயல் அங்கேயே கையை நீட்டினாள்.

பாய் போன் செய்தார், வேனை எப்போது கொண்டுவருகிறாய் என்று. இன்னும் கொஞ்ச நாள் ஆகுமுங்க பாய் என்றேன்.