பின்வாசலுக்கு நாற்காலிகள்

1967 பிப்ரவரி 12, ஞாயிறு

பூசை முடிந்ததும் பஸ் பிடித்து மூன்று பேரும் கைலாசபுரம் போய், தம்பி தைரியராஜுக்குத் தொழிற்சாலையில் ஒதுக்கியிருக்கும் புது குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு அறை, சமையல்கட்டு. பின்வாசலைத் திறந்தால் கூரையில்லாத ஒரு சிமெண்டுத் தளம், சுற்றி இடுப்பளவு சுவர். நாலு பாய் விரித்தால் நிறைந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அவன் பெண்டாட்டி லூர்துராணி அப்படி வாயைப் பிளந்தாள். “அண்ணி, இங்க நாற்காலி போட்டு சாயங்காலம் உக்காந்தா எப்படி இருக்கும்!”

எப்படி இருக்கும்? கொசு கடிக்கும். சொல்லவில்லை. தவக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நாக்கை அடக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15

அடக்க முடியவில்லை. ஏதோ வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டி, நாங்கள் இப்போது குடியிருக்கும் பாலக்கரை வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். தோட்டத்தில் பிரம்பு நாற்காலி, வட்ட மேசை, கோப்பையும் கையுமாக ஒரு வெள்ளைக்காரி. “யாருடி வந்து டீ குடிக்கப் போறாங்க?” என்றேன். “நாமதான் அண்ணி” என்றாள்.

நாமாம்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் ‘ஹலோ ஹலோ’வை எல்லாம் காதில் வாங்கிவிட்டு வருகிறேன் நான். அவள் வீட்டில் உட்கார்ந்து படம் வெட்டுகிறாள். அம்மா இறந்தபின் தைரியராஜைப் படிக்க வைத்து ஆளாக்கியது இதற்குத்தானா?

பிப்ரவரி 18, சனி

பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கியாசுதீன் பாயின் கடை. நாற்காலி பார்க்கப் போய்ச் சண்டை பார்த்தோம்.

பிரம்பு மழையில் ஊறி இற்றுப்போகும் என்றேன். “தூக்கி உள்ள வச்சுக்கலாம் அண்ணி.” உள்ளே எங்கே வைப்பாள், தலைமேலா? மடக்குகிற இரும்பு நாற்காலியைக் காட்டினேன். “சித்திரை வெயில்ல அதுல உக்காந்தா நாம தோசைதான்.” கியாசுதீன் சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு மர பெஞ்சு. அது கோயில் பெஞ்சு மாதிரி இருக்கிறதாம். “கோயில்ல உக்காந்தா உனக்குக் குத்துதா?” என்று கத்திவிட்டேன். தெருவில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

தைரியராஜ் அதுவரை வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். “ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்குப் போங்க, நான் ஆர்டர் சொல்லிட்டு வரேன்” என்றான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. எனக்கென்ன?

பிப்ரவரி 21

அவளோடு பேச்சில்லை. அவள் போட்ட காபியும் வேண்டாம்.

மார்ச் 4, சனி

வீடு மாறினோம். மத்தியானம் கடை வண்டி வந்தது. இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு முக்காலி. அதற்குப் பின்னால் ஒரு நாடாக்கட்டில். எல்லாவற்றையும் பின்வாசல் தளத்திலேயே இறக்கினார்கள்.

“கட்டில் யாருக்கு?” என்றேன். லூர்துராணி தலையைக் குனிந்துகொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். தைரியராஜ்தான் பதில் சொன்னான்.

“உனக்குத்தாங்க்கா. நைட் டூட்டி முடிஞ்சு நீ வந்து கதவத் தட்டுனா வீடே முழிச்சுக்குது. இங்கன்னா பின்பக்கமா வந்து அப்படியே படுத்துக்கலாம். மேல தகரம் போட்டுத் தரேன்.”

“ரெண்டாவது ரூம்?”

“நாலு ஆபீசருங்க வந்து போற வீடுக்கா. அதுக்கு ஒரு ரூம் வேணாமா?”

வெளியே எதைப் போடுவது என்று இத்தனை நாள் நானும் சேர்ந்தல்லவா பார்த்தேன். என்னைத்தான் என்று தெரியாமல் போயிற்று.

எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும் அவளுக்கு! வாயத் தொறந்தா அண்ணி அண்ணின்னு தேன் ஒழுகுது. பண்ற வேலை இது.

மார்ச் 6

ஞாயிறு நைட் டூட்டி முடிந்து வந்து அந்தக் கட்டிலில் படுத்தேன். வெயில் ஏறும்வரை ஒரு பொட்டுத் தூக்கமில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறார்கள்; இடுப்பளவு சுவர் எதை மறைக்கும்? தலையை மூடிப் போர்த்திக்கொண்டு பிணம் மாதிரி கிடந்தேன். எல்லாம் அவள் தூபம். தைரியராஜுக்கு இந்தப் புத்தி வராது. என் கையில் வளர்ந்தவன்.

மார்ச் 9

கூட வேலை பார்க்கும் அமிர்தத்திடம் வாய்விட்டுச் சொல்லி அழுதேன். மேலப்புதூரில் அவளுக்குத் தெரிந்த வியாகுலம்மாள் வீட்டில் மாடி அறை ஒன்று காலியாம். அறை சின்னது, முன்னால் மொட்டைமாடி. போய்ப் பார்த்தேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தைரியராஜிடம் சொன்னபோது, “ஊரு என்ன சொல்லும்?” என்றான். போகாதே என்று சொல்லவில்லை. லூர்துராணி என்னவோ சொல்ல வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை.

மார்ச் 18, சனி

மேலப்புதூருக்குக் குடிவந்தாயிற்று. மாடியில் போட ஒரு சாய்வு நாற்காலி வாங்கலாம் என்று கியாசுதீன் கடைக்குப் போனேன். அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

“கட்டில் நல்லாருக்காம்மா? அந்தச் சின்னம்மா கேட்டது மூணு நாற்காலி. நீங்க போனப்புறம் சார்தான் ஒண்ணக் கொறச்சிட்டுக் கட்டில் போடச் சொன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மா தனியா வந்து, கட்டில் வேணாம், மூணாவது நாற்காலியே குடுங்கன்னு நின்னாங்க. சார் சொல்லாம நான் எப்படி மாத்துறது?”

சாய்வு நாற்காலியை அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 19

அவனா? அவனேவா? அம்மைபோட்டுக் கிடந்தப்ப வேப்பிலையும் கையுமா தூங்காம உக்காந்திருந்தேனே, அந்தப் பையனா?

கோபம் குறையவில்லை. போகிற இடம்தான் மாறியிருக்கிறது. அவள்மேலும் இல்லாமல் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்ல நீ எங்கே விட்டாய் என்று எழுத வருகிறது. எழுதமாட்டேன்.

மார்ச் 26, ஈஸ்டர்

கோயில் வாசலில் தைரியராஜ் நின்றிருந்தான். “வீட்டுக்கு வாக்கா, கறி எடுத்திருக்கு.” “எந்த வாசல் வழியா வரணும்?” என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுதான் அவனுக்குக் கவலை. வந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

சாயங்காலம் மாடிப்படியில் செருப்புச் சத்தம். லூர்துராணி. தனியாக வந்திருக்கிறாள்.

“அவரு கிட்ட சொல்லாமத்தான் வந்தேன் அண்ணி.”

உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. மாடியை ஒரு சுற்றுப் பார்த்தாள். “இங்க போட்டா மேக்கு வெயில் நேரா கண்ணுல அடிக்குமே” என்று சொல்லிக்கொண்டே சாய்வு நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டாள்.

“உனக்கு ரொம்பத் தெரியுமோ?” என்றேன்.

“உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தேன். கண் கூசவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கட்டிலைப் பற்றியோ தைரியராஜைப் பற்றியோ இருவரும் பேசவில்லை. வியாகுலம்மாளின் கோழிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். எழுந்திருக்கும்போது, “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரட்டுமா?” என்றாள்.

“உன் இஷ்டம்.”

ஏப்ரல் 17

அடுத்த ஞாயிறு எனக்குச் சாயங்கால டூட்டி. அமிர்தத்திடம் கேட்டு மாற்றிக்கொண்டேன்.