பாலம் இல்லாத தீவு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
9 யூன் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்று ஹீத்ரோவில் புட்டுப் பொதியைக் கையில் தந்து வழியனுப்பினீர்களே, அப்போது நான் ஒன்றைச் சொல்லவில்லை: அந்தத் தீவுக்குப் பாலம் இல்லை. ஊரில் பாலத்தால் வேலணைத் தீவுக்குப் போவதுபோல பஸ்ஸில் போய் இறங்குவேன் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்கள். நானும் விட்டுவிட்டேன். கிளாலிக் கடலில் வள்ளம் கவிழ்ந்து அம்மா போன பிறகு, "இனி நீ வள்ளத்தில கால் வைக்கப்படாது" என்றீர்கள். அதனால்தான் நேரில் சொல்லாமல், ஒரே நகரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன்.

நான் வள்ளம் ஏறினேன், அப்பா.

சுவீடன் கரையோரம், பால்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் ஒன்று அது. கடல்வாத்துகள் அடைகாக்கும் காலத்தில் யாரும் இறங்கக்கூடாது. கூடுகளை எண்ணும் எங்களுக்கு மட்டும் அனுமதி. தாய் எழுந்து பறந்துவிட்டால், அது உதிர்த்த பஞ்சு இறகாலேயே முட்டைகளை மூடிவிட்டு நகரவேண்டும், கடற்காகங்கள் காணாதபடி. மூடும்போது உள்ளங்கையில் சூடு பட்டது. அம்மாவை நினைத்தேன். அழவில்லை.

திரும்பும்போது, படகை ஓட்டும் கத்தரின் என்ற பெண், எஞ்சின் கைப்பிடியை என்னிடம் தந்துவிட்டார். பிடித்தேன். அலை வந்தது, ஏறினோம், இறங்கினோம். கரைவரை நானே கொண்டுவந்தேன், அப்பா! அந்தக் கடலை நக்கியும் பார்த்தேன். ரசத்துக்குக்கூட உப்புக் காணாது.

அடுத்த மாதமும் கூப்பிடுகிறார்கள். உங்கள் சொல்லை மீறி இன்னொரு தடவை போகமாட்டேன். போ என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
சிவகௌரி


ஹவுன்ஸ்லோ
15 யூன் 1998

பிள்ளைக்கு,

உன் கடிதம் மேசையிலேயே கிடந்தது. கோபம்தான். பாலம்கூட இல்லாத இடத்துக்கா நான் புட்டுக் கட்டித் தந்தேன்?

வேலையிடத்தில் கணேசலிங்கத்திடம், "இவள் வள்ளம் ஓடியிருக்கிறாளாம், கேட்டியோ" என்றேன், உன்னை ஏசுவதற்காகத்தான். அவன் சொல்கிறான்: "அண்ணை, இதை இண்டைக்கு எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள். ஏசுற ஆள் இப்பிடிச் சிரிக்குமோ?"

போ. மிதவைச் சட்டையைக் கழற்றாதே. அந்தக் கத்தரினுக்கு நீந்தத் தெரியுமோ என்று கேட்டு எழுது.

அப்பா,
தில்லையம்பலம்


ஈஸ்ட் ஹாம்
24 ஓகஸ்ட் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் தொப்பி என் பைக்குள் வந்துவிட்டது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன். கணேசலிங்கம் மாமா நம்பவே மாட்டேன் என்கிறாராமே. இதை அவரிடம் காட்டுங்கள்:

தீவில் இறங்கத் தடையான காலம் முடிந்ததும் அப்பாவும் என்னோடு வந்தார். படகுத்துறையில் வெகுநேரம் நின்றார். பிறகு ஏறினார். திரும்பி வரும்போது பாதிவழி அவர்தான் ஓட்டினார்.

சிவகௌரி