இரண்டாவது எண்

என் அன்புக் கப்பல்காரருக்கு,

நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். குளியலறைக் குழாய் ஒழுக்கு நின்றுவிட்டது. நீங்கள் மூன்று முறை பழுது பார்த்தும் நிற்காத அதே ஒழுக்கு.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சமையற்காரர் முதல் கேப்டன் வரை எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டீர்களாமே! முதல் ஸ்கேன் படத்தை அனுப்பு, படுக்கைக்கு மேலே ஒட்ட வேண்டும் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அழுதேன்.

தப்பு என்னுடையது. லேபில் பத்து வருஷமாக, ரிப்போர்ட் வாங்க வரும் பெண்களிடம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறவள் நான்: "ஒரு நம்பரப் பார்த்து சந்தோஷமும் படாதீங்க, பயமும் படாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, நல்லா ஏறியிருக்கான்னு பார்ப்போம்." என் ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் அந்த ஹார்மோன் ஆறாயிரத்தைத் தாண்டியதும் புத்தி எங்கே போயிற்றோ! அன்றைக்கே உங்களுக்கு எழுதிப் போட்டேன். இரண்டாம் முறை எடுக்கவே இல்லை.

முதல் ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் நீர்ப்பை மட்டும் தெரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. "நாள் கணக்கு தப்பா இருக்கலாம்மா, சில பேருக்கு லேட்டாத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. மற்றவர்களுக்கு அது ஆறுதல். உங்கள் லீவே பதினோரு நாள். நீங்கள் கப்பலேறி அன்றைக்கு ஏழு வாரம்; கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் டாக்டர் கணக்கில் ஒன்பது. பையோ ஆறு வார அளவுதான். நம் கணக்கில் தப்புக்கு ஏது இடம்? சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

இருந்தாலும் அவசரப்படக் கூடாதென்று ரத்தம் எடுத்தார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும். கூட வேலை செய்கிறவள் ரிப்போர்ட்டைக் கையில் தராமல் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். எண் இறங்கியிருந்தது. பத்து நாள் பொறுத்து, முந்தாநாள் எடுத்த ஸ்கேனிலும் அதே வெறும் பை. கரு வளரவில்லை, இனி சந்தேகமில்லை என்றார் டாக்டரம்மா.

கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய வியாழக்கிழமை அட்மிட் ஆகிறேன். அக்கா கூட வருகிறாள். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். "நீ எதுவும் செஞ்சு இது நடக்கலம்மா" என்று டாக்டரம்மா மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் நம்பவில்லை. நீங்கள் ஒரு தரம் எழுதுங்கள், நம்புகிறேன்.

கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்ட வேண்டாம். ஒரே ஒரு முறை பாருங்கள். இதுவரை நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடல் அமைதியாக இருக்கட்டும். பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்
லேப்காரி