தண்ணீர் பார்க்காத பைப்பு

கங்கையம்மன் துணை

சேரப்பணஞ்சேரி
8-8-2003, ஆடி வெள்ளி

என் கண்ணு திருமலைக்கு அத்தை சுந்தராம்பாள் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் மாடு கன்றும் நல்லபடியாக இருக்கிறோம், மாமாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை, நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் நான் தைலம் தேய்க்கிற வரைக்கும் குழந்தை மாதிரி சிணுங்குகிறார். நீ அந்தக் கோவா மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது உன் பேரைச் சொல்லித்தான் ஏற்றுகிறேன். நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நெஞ்சு படபடக்கப் படிக்காதே. பைப்பு கிடைத்து வண்டியில் பூட்டியும் ஆயிற்று. நாளைக் காலையில் ஒரகடம் ஷெட்டில் இருந்து டிரெய்லர் கிளம்புகிறது, இந்தக் கடிதமும் அந்த டிரைவர் கையில்தான் வருகிறது.

போன வாரம் நீ பூத்துக்குப் போன் பண்ணினபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. மாமாதான் விளக்கிச் சொன்னார். உங்கள் கிளப்பின் பாய்மரப் படகை ஏற்றிப்போக இங்கே டிரெய்லர் செய்கிறார்கள், படகுக்கு இடம் வைத்தவர்கள் அதன் பாய்த்துணியைச் சுருட்டி வைக்கக் குழாய் வைக்க மறந்துவிட்டார்கள், போன வருஷம் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோய் வழியில் துணி கிழிந்து பழி உன் தலையில் விழுந்தது, இன்னொரு தரம் கிழிந்தால் நேராக ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொள் என்று உங்கள் சார் சொல்லிவிட்டார். நீயும் சும்மா இருக்காமல் எங்கள் ஊரில் இல்லாத பைப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் கொடுத்துவிட்டாய். பன்னிரண்டு அடி நீளம், எட்டு அங்குல வாய், உள்ளே வழவழப்பு, துரு கூடாது, கனம் கூடாது. மாமா, "பொண்ணு பாக்கறவன் கூட இவ்ளோ கண்டிசன் போட மாட்டான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னைப் பெற்றவள் போன பிறகு ஐந்து வயதில் இருந்து நான் வளர்த்த பிள்ளை, மூன்று வருஷம் வேலைக்கு அலைந்து கிடைத்த இடம், அது ஒரு குழாய்க்காகப் போய்விடக்கூடாதே.

மாமா அவர் கம்பெனியில் பிளாஸ்டிக் ஷீட் சுற்றி வருகிற கெட்டி அட்டைக் குழாய் ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு கேட் பாஸோடு கொண்டுவந்தார். கல்லு மாதிரி இருந்தது. மேலே இரண்டு கோட் பெயிண்ட் அடித்தால் மழை தாங்கும் என்றார். அன்றைக்கு ஆடிச் செவ்வாய். புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் எப்படி விடுவது, அதுவும் உன் வேலைக்கான பொருள். கோயிலில் இருந்து அபிஷேகத் தீர்த்தம் ஒரு சொம்பு வாங்கிவந்து, தெளித்தால் போதாது என்று உள்ளேயும் வெளியேயும் ஊற்றி, நிற்க வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் குழாய் ஊதிப்போய் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. மாமா டியூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு, "அட்டைக்கு இன்னாத்துக்கு அபிசேகம்? அதுவா வந்து கேட்டுச்சு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உன் அத்தை செய்த காரியத்தைப் பார்த்தாயா. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியில் பைப்பைப் பூட்ட இருந்தது இரண்டே நாள். ஸ்ரீபெரும்புதூர் கடைகளில் ஆறு அங்குலம்தான் இருக்கிறது, எட்டு வேண்டுமானால் நாலு நாள் ஆகும் என்றார்கள். மறைமலை நகர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது ஒரே துரு, இரண்டு ஆள் தூக்க முடியவில்லை. அப்போதுதான் மாமா மெதுவாக, "அம்சவல்லி வூட்டு மாட்டுக் கொட்டாய் பின்னால போர்வெல்லுக்கு வாங்குன பிளாஸ்டிக் பைப்பு கெடக்குது. கேக்கணும்னா நீதான் கேக்கணும்" என்றார். பின் தெரு அம்சவல்லியும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது, ஏன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. அந்த ஆடியில் கூழ் ஊற்ற அவள் இரண்டு குடம் தண்ணீர் தரவில்லை, அவள் வீட்டுக்கே இல்லாத காலம் அது. அடுத்த மாதம் அவள் நிலத்தில் போர் போட்டு முந்நூறு அடி இறக்கியும் வெறும் புழுதிதான் வந்தது. நான் குழாயடியில் நின்று, அம்மனுக்குத் தராதவளுக்கு பூமாதேவி எப்படித் தருவாள் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். சாமி பேரைச் சொல்லிக்கொண்டே அப்படி ஒரு வார்த்தை. அந்தப் போருக்கு வாங்கி மிஞ்சின பைப்பைத்தான் இப்போது அவளிடம் போய்க் கேட்கவேண்டும்.

போனேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னாக்கா, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள். பைப்பைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் "அன்னிக்கு நான் சொன்னது தப்புடி அம்சா" என்றுதான் வந்தது. அவள் கை நிற்கவில்லை. "மூணு வருசமா அது என் காதுலயே கீதுக்கா" என்றாள். நான் உன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். "அஞ்சு கெடக்குது, வேணுங்கறத எடுத்துக்கோ. எல்லாம் தண்ணி பாக்காத பைப்பு. உன் புள்ள துணியும் நனையக் கூடாது, அவ்ளோதானே?" என்றாள். எனக்குக் கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது. காசு என்று வாய் திறந்தேன், முறைத்தாள். பத்தடி நீளப் பைப்பை முன்னால் அவளும் பின்னால் நானும் தோளில் வைத்துத் தெருவோடு வந்தோம். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வாசலில் நின்று, "இன்னா, ரெண்டு பேரும் சேந்து தேர் இழுக்கறீங்களா?" என்று கேட்டாள், அம்சா, "வந்து நீயும் வடத்தைப் புடி" என்றாள். இன்னொன்றை மறு நடையில் கொண்டுவந்தோம்.

மாமா ஒன்றில் இருந்து இரண்டடித் துண்டு அறுத்து இன்னொன்றோடு பசை போட்டு ஒட்டினார். உள்ளே வழவழப்பா என்று எப்படித் தெரிவது, என் கல்யாணப் பட்டுப் புடவையை மூங்கிலில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். ஒட்டின இடத்தில் சிக்கி இரண்டு இழை போயிற்று. போகட்டும், உன் பாய்த்துணி தப்பித்ததே. மூங்கில் நுனியில் உப்புத்தாளைக் கட்டி அம்சாவும் நானும் மாற்றி மாற்றித் தேய்த்தோம், மறுபடி விட்டபோது பட்டு எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு மாமா இரண்டு முனைக்கும் மூடி போட்டார். ஷெட்டில் வெல்டர் இசக்கிபாண்டி, தெற்கத்திக்காரர், பிள்ளைகுட்டிக்காரர், OT முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்து மூன்று இடத்தில் இரும்புப் பட்டை போட்டு, அதிர்ச்சி தெரியாமல் இருக்க சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து முடுக்கினார். நான் பத்துத் தரம் ஆட்டிப் பார்த்தேன். "யம்மா, வண்டி கவுந்தாலும் இது கழராது, நிம்மதியாப் போங்க" என்றார். அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்கக்கூடாது.

பாயை ஈரத்தோடு உள்ளே தள்ளாதே, நன்றாகக் காயவைத்து வை. காற்றுப் போக அடியில் மூன்று சின்ன ஓட்டை இருக்கிறது, எலி குளவி வராமல் வலை ஒட்டியிருக்கிறது, அதைப் பிடுங்கிவிடாதே. உள்ளே மஞ்சளும் தீர்த்தமும் ஒன்றும் ஊற்றவில்லை, பயப்படாதே, மூடிக்கு மேலே ஒரு பொட்டு மட்டும்தான் வைத்தேன், உங்கள் சார் கேட்டால் அடையாளத்துக்கு என்று சொல். வெள்ளிக்கிழமையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. இந்த ஆடியில் நமக்கு யார் யாரோ கை கொடுத்திருக்கிறார்கள், அதை மறக்காமல் வேலையில் கவனமாக இரு. நீ நீண்ட ஆயுசோடு குலம் தழைக்க வாழவேண்டும். வண்டி வந்து சேர்ந்து, பாய் உள்ளே சரியாகப் போயிற்று என்றால் உடனே ஒரு கடிதம் போடு. எனக்குப் போடாதே, அம்சவல்லி பேருக்குப் போடு. அவள் எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் படித்துக் காட்டட்டும்.

உன் அன்பு அத்தை
ந. சுந்தராம்பாள்