நோன்பு துறக்காத பூனை

இஸ்மிர்,
10 பிப்ரவரி 2025

என் கண்ணே நூராய்,

உன் கைகளில் முத்தம். அம்மாவும் இதையே எழுதச் சொன்னாள், ஆனால் அவளுடையதை முதலில் வைக்கச் சொன்னாள். பேனா என்னிடம்தான் இருக்கிறது.

போனில் நீ "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்கிறாய். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எண்ணைச் சொல்வதற்குள் அழுதுவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். காகிதம் குறுக்கே பேசாது.

உன் தார்ச்சின் நலம். அதாவது, சர்க்கரை நோயும் குடலில் லிம்போமாவும் உள்ள ஒரு பூனை எவ்வளவு நலமாக இருக்கலாமோ அவ்வளவு. புற்றுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுகிறது, அதை இறக்க இன்சுலின் வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றி மறு பக்கம் இறைக்கிற வேலை. ஒன்றுவிட்டு ஒரு நாள் கீமோ மாத்திரை. அதைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்று டாக்டர் ஷெய்தா சொன்னதும் அம்மா பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையைக் கொண்டுவந்தாள். முழங்கை வரை மஞ்சளாக நான் அறைக்குள் நுழைந்தேன். தார்ச்சின் என்னைப் பார்த்த மாதிரி என் வண்டியில் எந்தப் பயணியும் என்னைப் பார்த்ததில்லை.

ஊசி போட ஆரஞ்சுப் பழத்தில் பழகினேன். ஏழு பழம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், மினிபஸ் ஓட்டுபவன், தன் ரத்தப் பரிசோதனையில் மயங்கி விழுந்தவன். இன்று காலையும் மாலையும் ஊசி போடுகிறேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "போட்டாச்சா? போட்டாச்சா?" என்கிறாள். பூனை வாயே திறப்பதில்லை. வீட்டில் ஆண்பிள்ளை அவள்தான்.

உன் அப்பா,
ரஃபெத்

*

ப்ரேமன்,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை வார்டில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துப் படித்தேன். மஞ்சள் கையுறைக்குச் சிரித்த சிரிப்பில் ஒரு நோயாளி என்னவோ ஏதோ என்று மணியடித்துவிட்டார்.

ஆனாலும் பயமாகவே இருக்கிறது. நோன்பு வரப்போகிறது. பகலெல்லாம் பட்டினியோடு வண்டி ஓட்டிவிட்டு மாலையில் ஊசியைப் பிடிப்பீர்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதலில் அவள் சாப்பிட வேண்டும், பிறகுதான் ஊசி. மாத்திரை நாளில் அவளுக்குக் குமட்டும். சாப்பிடாமல் இன்சுலின் போனால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

தவறு யாருக்கும் நடக்கும், நர்ஸான எனக்கும். ஆனால் என்னிடம் மறைக்காதீர்கள். மறைத்தீர்கள் என்று தெரிந்தால் அவளை டாக்டர் ஷெய்தாவின் கிளினிக்கிலேயே கூண்டில் வைக்கச் சொல்லிவிடுவேன். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆனால் தொலைவில் இருப்பவளுக்கு நம்பிக்கையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

கழுத்துச் சால்வை இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

நூராய்

*

இஸ்மிர்,
17 மார்ச் 2025

நூராய், மகளே,

நேற்று போனில் "எல்லாம் நலம்" என்றேன். பொய்.

சனிக்கிழமை நடந்தது இது. உன் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. அதன் எதிரே நின்றுகொண்டேதான் தவறு செய்தேன். நோன்பு தொடங்கியதிலிருந்து அவளுடைய மாலை ஊசியை, நோன்பு துறக்கும் நேரத்தை ஊருக்கு அறிவிக்கிற பீரங்கிச் சத்தத்தோடு சேர்த்துக்கொண்டேன். மேசையில் சூப் தயார், ரொட்டி சூடாக, அவள் தட்டில் கோழி. பீரங்கி முழங்கினால் நாங்களும் உட்காருவோம், அவளும் உட்காருவாள். அதனால் ஐந்து நிமிடம் முன்பே ஊசியைப் போட்டுவிட்டேன். பசித்த மனிதனின் கணக்கு: நோன்பு துறக்கிற நேரத்தில் யார்தான் சாப்பிட மாட்டார்கள்?

பீரங்கி முழங்கியது. அவள் சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். அன்று மாத்திரை நாள். தட்டைத் தொடவில்லை. நானோ இரண்டாவது கிண்ணம் சூப்பில் இருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அம்மா கத்தினாள். "ஏங்க, பின்னங்கால் துவளுது, வந்து பாருங்க!" சர்க்கரை மீட்டர் வெறும் 38 காட்டியது. திராட்சைப் பாகை விரலில் எடுத்து ஈறில் தடவினேன். இருபத்தெட்டு வருடம் வண்டி ஓட்டியவனுக்கு அன்று சாவியைத் துவாரத்தில் நுழைக்க வரவில்லை. மாடிவீட்டு மெவ்லூத் வாயில் ரொட்டியோடு ஓடிவந்தான். "தள்ளு அண்ணே, நீ பூனையைப் பிடி, நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன்." வழியெல்லாம் அம்மா விடவில்லை. "உங்களுக்குப் பசிச்சா ஊருக்கே பசிக்கணுமா? ஆளுக்குள்ள வயிறா, வயித்துக்குள்ள ஆளா?"

டாக்டர் ஷெய்தா தன் நோன்புச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார். அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "ரஃபெத் அண்ணே, பீரங்கி வெடிச்சா நமக்குத்தான் பசி. பூனைக்குப் பயம்." மறுநாள் மதியம் வரை அவளைக் கிளினிக்கிலேயே வைத்திருந்தார்கள்.

இப்போது அவள் பிழைத்துவிட்டாள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நேற்று மாலை, சாப்பிட்ட பிறகு, வழக்கம்போல் என் நாற்காலிக் கையில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்; நம்புகிறவனுக்குத்தான் பூனை முதுகைக் காட்டும். யார் செய்தது என்று தெரிந்தும். எனக்கு அப்படி ஒரு மனசு கிடையாது, மகளே. காலில் மிதித்த பயணியை மூன்று நாள் நினைவில் வைத்திருப்பவன் நான். அவளைப் பார்த்து வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கூண்டுக்கு அனுப்புவதானால் அனுப்பு. நான் வாதாட மாட்டேன்.

ரஃபெத்

*

ப்ரேமன்,
28 மார்ச் 2025

என் அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை இரவே டாக்டர் ஷெய்தா அழைத்துச் சொல்லிவிட்டார். ஞாயிறன்று நீங்கள் போனில் "எல்லாம் நலம்" என்றபோது நான் சட்டென்று போனை வைத்தேனே, அதனால்தான். உடனே கிளினிக்கில் கூண்டுக்குப் பேசிவிட்டேன்.

எனக்கு எட்டு வயதில், என் கனாரிக் குருவி பறந்து போய்விட்டது என்றீர்கள். ஜன்னல் சாத்தியிருந்ததை அன்றே பார்த்தேன். கேட்கவில்லை. இந்த முறையும் பூனையைப் பற்றி அப்படியே ஒரு கதை வரும் என்று பதினொரு நாள் காத்திருந்தேன்.

முந்தாநாள் உங்கள் கடிதம் வந்தது. "38" என்று எண்ணையும் போட்டு, இரண்டாவது கிண்ணம் சூப்பையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் படித்த டாக்டர்கள்கூடத் தங்கள் தவறை இவ்வளவு நேராக எழுதி நான் பார்த்ததில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பயம் போய்விடவில்லை அப்பா, ஆனால் அது இப்போது உங்களைப் பற்றிய பயம் இல்லை.

டாக்டர் ஷெய்தா இன்னொன்றும் சொன்னார். ஸ்கேனில், தடித்திருந்த குடல் சுவர் மெலிந்திருக்கிறதாம், மருந்து பிடிக்கிறதாம். எத்தனை மாதம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

கூண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கழுத்துத் தோலுக்கடியில் உள்ள அடையாளச் சிப்பில் உரிமையாளர் பெயரையும் மாற்றச் சொன்னேன். உங்கள் பெயர். கையெழுத்துப் போட நேரில் வர வேண்டுமாம். பெருநாள் முடிந்ததும் போய் வாருங்கள். சவரம் செய்துகொண்டு, அந்த நீலச் சட்டையில்.

உங்கள் பெண்,
நூராய்